வயலில் போட்ட மரம் எப்போது திரும்பி வரும்? – ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேள்வி பதில்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்பது ஊரைக் கட்டி, படை திரட்டி, எதிரியை வெல்லும் கணினி ஆட்டம். உணவு, மரம், தங்கம், கல் ஆகியவற்றைச் சேர்த்து டார்க், ஃபியூடல், காசில், இம்பீரியல் என்ற நான்கு ஏஜ்களை (யுகங்களை) ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே வயலைச் சுற்றித்தான். கீழே உள்ள எண்கள் 2019-இல் வெளியான டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு உரியவை. நேரம் என்று சொல்வதெல்லாம் ஆட்டத்துக்குள் ஓடும் கடிகாரத்தின் நேரம். ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் நாகரிகங்களுக்கான சலுகைகள் அப்டேட்டுக்கு அப்டேட் கொஞ்சம் மாறும், ஆகவே அவற்றை மட்டும் விளையாடும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மில்லில் ஹார்ஸ் காலர் வாங்கிவிட்டேன். ஆனால் உணவு முன்பு வந்த வேகத்தில்தான் வருகிறது. செலவு வீணா? – கல்லூரி மாணவர், கோவை

வீணில்லை, ஆனால் அது வேகத்துக்கான செலவே அல்ல. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மில்லில் (அறுத்த உணவைக் கொண்டுபோய்க் கொட்டும் கட்டடம்) கிடைக்கும் ஹார்ஸ் காலர், ஹெவி பிளவ், கிராப் ரொட்டேஷன் என்ற மூன்று மேம்பாடுகளும் ஒரு வயலுக்குள் இருக்கும் மொத்த உணவைக் கூட்டுகின்றன. வில்லேஜர் (வேலையாள்) நிமிடத்துக்கு எவ்வளவு அறுக்கிறார் என்பதை அவை தொடுவதில்லை. ஹெவி பிளவ் மட்டும் விவசாயி சுமக்கும் அளவில் ஒன்று கூட்டித் தரும், அதன் பலன் சிறியது.

ஒரு வயல் போட 60 மரம். எந்த மேம்பாடும் இல்லையென்றால் அதில் 175 உணவு. ஹார்ஸ் காலர் (75 உணவு, 75 மரம்) வந்தால் 250. காசில் ஏஜில் ஹெவி பிளவ் (125 உணவு, 125 மரம்) வந்தால் 375. இம்பீரியல் ஏஜில் கிராப் ரொட்டேஷன் (250 உணவு, 250 மரம்) வந்தால் 550. உணவு தீர்ந்ததும் வயல் காலி, மறுபடி விதைக்க மறுபடியும் 60 மரம்.

ஆக, நீங்கள் மிச்சம் பிடிப்பது மரத்தை. 1,000 உணவு எடுக்க வெறும் வயலில் ஏறத்தாழ 343 மரம் போகும். ஹார்ஸ் காலருக்குப் பிறகு 240, ஹெவி பிளவுக்குப் பிறகு 160, மூன்றும் இருந்தால் 109.

இதை ஆட்களாக மாற்றிப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு விவசாயி நிமிடத்துக்குச் சுமார் 20 உணவு தருகிறார், ஒரு மரம்வெட்டி டபுள்-பிட் ஆக்ஸ் என்ற மரம்வெட்டும் மேம்பாட்டுக்குப் பிறகு சுமார் 25 மரம் தருகிறார் என்று வையுங்கள். உங்களிடம் 20 வயல் இருந்தால், அவற்றை மறுபடி மறுபடி விதைத்துக்கொண்டிருக்க மட்டும் நிமிடத்துக்கு 137 மரம் வேண்டும். ஐந்தாறு மரம்வெட்டிகளின் மொத்த உழைப்பு அது. ஹார்ஸ் காலருக்குப் பிறகு 96 மரம் போதும், அதாவது நான்கு பேர். ஹெவி பிளவுக்குப் பிறகு 64, மூன்று பேருக்கும் குறைவு. விடுபடும் ஆட்கள் வெட்டும் மரம் வில்லாளிக்கும் குதிரை லாயத்துக்கும் போகும். உணவுக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த லாபம் கண்ணில் படாது.

கேள்வி: அப்படியானால் எத்தனை வயல் இருக்கும்போது எந்த மேம்பாட்டை வாங்க வேண்டும்? – வாசகி, ஈரோடு

போட்டது திரும்பி வரும் கணக்கைப் போட்டுவிடுவோம். உணவையும் மரத்தையும் ஒரே மதிப்பாக எடுத்துக்கொள்கிறோம்.

ஹார்ஸ் காலரின் விலை மொத்தம் 150. அது தரும் கூடுதல் 75 உணவைப் பழைய வயலில் எடுக்க 26 மரம் ஆகியிருக்கும். எனவே ஆறு வயல்கள் முழுதாக அறுத்து முடிந்தால் போட்டது வந்துவிடும். ஹெவி பிளவின் விலை 250, வயலுக்கு 30 மரம் மிச்சம், எட்டு ஒன்பது வயல்கள் முடிய வேண்டும். கிராப் ரொட்டேஷன் 500, வயலுக்கு 28 மரம் மிச்சம், 18 வயல்கள் முடிய வேண்டும்.

"முடிய வேண்டும்" என்பதை மனதில் வையுங்கள். நிமிடத்துக்கு 20 என்றால் 175 உணவுள்ள வயல் எட்டே முக்கால் நிமிடம் ஓடும். அதுவரை ஹார்ஸ் காலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் கையிருப்பில் ஒரு வித்தியாசமும் இல்லை. செலவு இன்று, பலன் ஒன்பது நிமிடம் கழித்து. ஆகவே ஃபியூடல் ஏஜிலேயே அடித்து முடித்துவிடும் திட்டத்தோடு போகிறவர் ஹார்ஸ் காலரைத் தொடவே வேண்டாம். அந்த 75 உணவில் ஒன்றரை வில்லேஜர் வருவார், அந்த 75 மரத்தில் ஒரு வயலுக்கு மேல் வரும்.

மற்ற எல்லா ஆட்டத்துக்கும் வாங்கியே ஆக வேண்டும், அதிலும் வரிசை முக்கியம். ஒரு வயலில் எவ்வளவு உணவு என்பது அதை விதைக்கும் நேரத்தில் முடிவாகிறது. 12 வயலைப் போட்டுவிட்டு மேம்பாட்டை வாங்கினால், அந்த 12-ம் அடுத்த விதைப்பில்தான் 250-ஐப் பார்க்கும். எனவே ஃபியூடல் ஏஜுக்கு வந்தவுடன் டபுள்-பிட் ஆக்ஸ் (100 உணவு, 50 மரம்), பிறகு மூன்று நான்கு வயல், பிறகு ஹார்ஸ் காலர், அது முடியும் 20 விநாடிக்குப் பிறகு மற்ற வயல்கள். ஹெவி பிளவுக்கும் இதே நியாயம். காசில் ஏஜில் இரண்டாவது, மூன்றாவது டவுன் சென்டரை (வில்லேஜர்கள் உருவாகும் மையக் கட்டடம்) சுற்றி வயல் பரப்பத் தொடங்கும் முன் அது ஆராய்ச்சியில் இருக்க வேண்டும். 40 விநாடி பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. காசில் ஏஜுக்கு வந்த முதல் நிமிடத்தில் 125 உணவும் 125 மரமும் பெரிய தொகை. எதிரியின் நைட்கள் (கவசக் குதிரைவீரர்கள்) வாசலில் நிற்கும்போது மில்லைக் கிளிக் செய்யக் கூடாது. முதலில் இரண்டு ஈட்டிக்காரர்கள், பிறகு ஹெவி பிளவ்.

கேள்வி: டவுன் சென்டர் நிற்காமல் வில்லேஜர் எடுக்க எத்தனை வயல் வேண்டும்? – வாசகர், திருநெல்வேலி

ஆறு. ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 விநாடி. நிமிடத்துக்கு 120 உணவு. ஆறு விவசாயிகள் தருவது அதே 120.

இதே அளவுகோலை மற்றதற்கும் வைத்துப் பாருங்கள். நைட்டுக்கு 60 உணவு, 30 விநாடி. எனவே ஒரு குதிரை லாயத்துக்கும் ஆறு விவசாயிகள். ஸ்கவுட்டுக்கு (இலகுக் குதிரைவீரர்) 80 உணவு, அதே 30 விநாடி. நிற்காமல் எடுத்தால் எட்டு விவசாயிகள்.

காசில் ஏஜுக்கு 800 உணவு சேர்ப்பதில்தான் பெரும்பாலோர் திணறுகிறார்கள். 12 விவசாயிகள் இருந்தால் நிமிடத்துக்கு 240 வரும். டவுன் சென்டர் 120-ஐத் தின்றுவிடும், மிச்சம் 120. 800 சேர ஆறு நிமிடம் நாற்பது விநாடி. 18 விவசாயிகள் என்றால் மிச்சம் 240, மூன்று நிமிடம் இருபது விநாடியில் சேர்ந்துவிடும். ஆறே பேரைக் கூட்டியதில் காத்திருப்பு பாதியாகிறது. ஸ்கவுட்டும் எடுத்துக்கொண்டு, வில்லேஜரும் எடுத்துக்கொண்டு, பத்து வயலை வைத்துக்கொண்டு 800 சேரவில்லையே என்று தவிப்பதில் பயனில்லை. அந்தக் கணக்கில் சேராது.

மூன்று டவுன் சென்டருக்கு வில்லேஜர் உற்பத்திக்கு மட்டும் 18 வயல். இரண்டு லாயம் சேர்த்தால் 30. இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூன்று டவுன் சென்டரிலும் பிறக்கும் ஒவ்வொருவரையும் வயலுக்கே அனுப்பினால், 25 விநாடிக்கு மூன்று வயல், அதாவது 180 மரம். நிமிடத்துக்கு 432 மரம். அதைத் தர 17 மரம்வெட்டிகள் வேண்டும். அவ்வளவு பேர் காட்டில் இல்லையென்றால் புது வில்லேஜர்கள் வயல் இல்லாமல் சும்மா நிற்பார்கள். முதல் சில பேரை மரத்துக்கு அனுப்புங்கள், அடுத்த மரம்வெட்டும் மேம்பாடான போ சா (150 உணவு, 100 மரம்) வாங்குங்கள், மரம் ஏற ஏற வயலைக் கூட்டுங்கள்.

கேள்வி: வீல்பேரோவா, ஹார்ஸ் காலரா, எது முதலில்? – வாசகர், சேலம்

இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. உணவு வரும் வேகத்தை உண்மையில் கூட்டுவது டவுன் சென்டரில் வாங்கும் வீல்பேரோதான். வில்லேஜரின் நடை 10 சதவீதம் வேகமாகும், சுமை 25 சதவீதம் கூடும். அறுப்பதும் கொண்டுபோய்க் கொட்டுவதும் விவசாயியின் வேலை, எனவே அவருக்கு இதன் பலன் அதிகம். காசில் ஏஜில் வரும் ஹேண்ட் கார்ட் (300 உணவு, 200 மரம்) இன்னொரு 10 சதவீத நடையும் 50 சதவீதச் சுமையும் தரும்.

ஆனால் வீல்பேரோவின் உண்மையான விலை 175 உணவும் 50 மரமும் மட்டும் அல்ல. அது டவுன் சென்டரை 75 விநாடி பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மூன்று வில்லேஜர்கள் வந்திருப்பார்கள். மில் வேறெந்த வேலையும் செய்வதில்லை, அதனால் ஹார்ஸ் காலருக்கு இப்படி மறைவான செலவு கிடையாது. எங்கள் பரிந்துரை: ஹார்ஸ் காலர் முதலில். வீல்பேரோ, வயலில் 12 பேருக்கு மேல் வேலை செய்யும்போது. நைட் எடுக்கப் போகிறவர்கள் காசில் ஏஜைக் கிளிக் செய்யும் முன்பே அதை வாங்குவது சரி. வில்லாளி எடுக்கிறவர்களுக்கு மரமும் தங்கமும்தான் பிரதானம், வயல் குறைவு. அவர்கள் காசில் ஏஜுக்குப் போய் வாங்கினாலும் நட்டமில்லை.

காசு செலவே இல்லாமல் கிடைக்கும் ஒரு முன்னேற்றமும் உண்டு. வயலை எங்கே போடுகிறீர்கள் என்பது. வயல் 3-க்கு 3 கட்டம், டவுன் சென்டர் 4-க்கு 4, மில் 2-க்கு 2. வயல், உணவைக் கொட்டும் கட்டடத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு கட்டம் விட்டாலும் ஒவ்வொரு சுமைக்கும் அந்த நடை சேரும். முதல் எட்டு வயலை டவுன் சென்டரை ஒட்டிப் போடுங்கள். ஸ்கவுட்கள் வந்தால் அவர்கள் உடனே உள்ளே ஒளியலாம், 15 பேருக்கு இடம் உண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் 100 மரத்தில் புது மில் ஒன்று, அதுவும் தளத்தின் பின்பக்கம். பழைய வயலுக்கு வெளியே இரண்டாம் வரிசை போட்டு 100 மரத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள் அதைவிட அதிகமாக நடையில் இழக்கிறார்கள்.

கேள்வி: 20-ஆவது நிமிடத்தை ஒட்டி என் உணவு திடீரென்று நின்றுவிடுகிறது. விவசாயிகள் காலி வயலில் நிற்கிறார்கள். ஏன்? – வாசகர், யாழ்ப்பாணம்

ஒரே நேரத்தில் போட்ட வயல்கள் ஒரே நேரத்தில்தான் தீரும். ஒன்பது, பத்தாவது நிமிடத்தில் 12 வயல் போட்டிருப்பீர்கள். 175 உணவுள்ளவை 18, 19-ஆவது நிமிடத்திலும், 250 உள்ளவை 22-ஐ ஒட்டியும் காலியாகும். 12 வயலுக்கு 720 மரம், ஓரிரு நிமிடத்துக்குள். சரியாக அந்த நேரத்தில்தான் நீங்கள் புது டவுன் சென்டருக்கு 275 மரம் போட்டிருப்பீர்கள். தானியங்கி மறுவிதைப்பை மில்லில் இயக்கி வைத்திருந்தாலும் கையில் மரம் இல்லையென்றால் அது விதைக்காது.

செய்ய வேண்டியது: தானியங்கி மறுவிதைப்பை எப்போதும் இயக்கத்தில் வையுங்கள். 17-ஆவது நிமிடத்திலிருந்தே மரம் 200-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயல்களை ஒரே மூச்சில் போடாமல் இரண்டிரண்டாகப் போட்டால் தீர்வதும் இரண்டிரண்டாகவே தீரும்.

பழைய பதிப்புகளில் மில்லில் மறுவிதைப்பை வரிசையில் சேர்த்து வைப்பார்கள். அதில் ஒவ்வொன்றுக்கும் 60 மரம் சேர்க்கும்போதே கழிந்துவிடும். பத்தை வரிசையில் போட்டால் 600 மரம் பல நிமிடம் முடங்கிக் கிடக்கும். பழைய பதிப்பை இன்னும் விளையாடுகிறவர்கள் மூன்று நான்குக்கு மேல் போடாதீர்கள்.

கேள்வி: விவசாயத்துக்கு எந்த நாகரிகம் சிறந்தது? திராவிடர்களுக்கு ஏதாவது உண்டா? – வாசகி, மதுரை

ஃபிராங்குகளுக்கு மில் மேம்பாடுகள் இலவசம். மில் இருந்தால் போதும், அந்தந்த ஏஜுக்கு வந்ததும் தானாகக் கிடைக்கும். மூன்றுக்கும் சேர்த்து 900 மிச்சம். அதைவிடப் பெரிது, முதல் வயலிலேயே 250 உணவு. நைட் ஆட்டத்துக்கு அவர்கள் இவ்வளவு பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டியூட்டன்களுக்கு வயல் 40 சதவீதம் மலிவு, 36 மரம். 20 வயலுக்கு 1,200-க்குப் பதில் 720. இவர்களுக்கு ஹார்ஸ் காலர் கணக்கு மாறும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வயலே மலிவாக இருப்பதால் மேம்பாடு மிச்சம் பிடிப்பதும் குறைவு, வயலுக்கு 15 மரம்தான். போட்டது திரும்ப ஆறு வயல் அல்ல, பத்து வயல் முடிய வேண்டும். எனவே டியூட்டன்கள் அவசரப்பட வேண்டாம், வயலை முதலில் பரப்பிவிட்டு வாங்கலாம். ஸ்லாவ்களுக்கு விவசாயிகள் வேகமாகவே அறுப்பார்கள். மில் மேம்பாடு எதுவும் தராத பலன் அது.

திராவிடர்கள் 2022-இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா தொகுப்பில் சேர்க்கப்பட்டவர்கள். கடல், காலாட்படை ஆகியவற்றில் வலுவான நாகரிகம். வயலுக்கென்று தனிச் சலுகை இல்லை. ஆனால் ஒவ்வொரு புது ஏஜுக்கு வந்ததும் 200 மரம் கிடைக்கும். ஃபியூடல் ஏஜில் அதை இப்படிப் பிரித்தால் அழகாகப் பொருந்தும்: ஹார்ஸ் காலருக்கு 75, இரண்டு வயலுக்கு 120, ஆக 195. மரத்தில் உள்ள ஆட்களைத் தொடாமலே விவசாயத்தைத் தொடங்கிவிடலாம். காசில் ஏஜில் வரும் 200-இல் ஹெவி பிளவின் 125-உம் ஒரு வயலும் அடங்கும். குதிரைப்படை பலவீனமான நாகரிகம் என்பதால் 30 வயல் வரை போகத் தேவையில்லை. கடல் உள்ள வரைபடமானால் மீன்பிடிப் படகுகள் கூடுதலாகச் சுமக்கும் சலுகையும் இருக்கிறது, வயலை இன்னும் தள்ளிப்போடலாம்.

கேள்வி: வயலே வேண்டாம், மீன் பொறியும் சந்தையும் போதும் என்கிறான் என் நண்பன். சரியா? – வாசகர், தூத்துக்குடி

கடலில் கட்டும் மீன் பொறி 100 மரத்துக்கு 715 உணவு தரும். மரக் கணக்கில் ஹெவி பிளவ் வயலைவிடக் கொஞ்சம் நல்லது. ஆனால் 75 மரத்தில் ஒரு படகு வேண்டும், அறுவடை மெதுவாகும், கடல் கைவிட்டுப் போனால் எல்லாமே போகும். கடல் உங்கள் கையில் உறுதியாக இருந்தால் மட்டும்.

சந்தையில் 30 சதவீதக் கட்டணம் பிடிக்கிறார்கள். தொடக்கத்தில் 100 உணவு வாங்க 130 தங்கம். வாங்க வாங்க விலை ஏறும். காசில் ஏஜுக்கு 100, 150 உணவு குறைகிறதென்றால் வாங்குங்கள். அன்றாடச் சாப்பாட்டுக்குச் சந்தை தாங்காது.

கேள்வி: இந்த மூன்று மேம்பாடுகளும் வரலாற்றில் உண்மையில் இருந்தவையா? – ஆசிரியர், தஞ்சாவூர்

மூன்றுமே இடைக்கால ஐரோப்பிய வேளாண்மையின் தூண்கள். குதிரையின் தோளில் பாரம் இறங்கும்படி செய்த திண்டு வைத்த கழுத்துப்பட்டை அதன் முழு இழுவிசையையும் பயன்படுத்த வழிசெய்தது. வட ஐரோப்பாவின் ஈரக் களிமண்ணைக் கீறினால் மட்டும் போதாது, புரட்ட வேண்டும். அதற்குத்தான் மண்ணை வெட்டும் கத்தியும், கொழுவும், புரட்டிப் போடும் பலகையும் கொண்ட கனமான கலப்பை. அதை இழுக்க எட்டு எருது வரை பூட்டினார்கள்.

பயிர்ச் சுழற்சி என்றால் மூன்று வயல் முறை. ஒன்றில் இலையுதிர் காலத்தில் கோதுமை அல்லது ரை (rye), இன்னொன்றில் வசந்தத்தில் ஓட்ஸ், பார்லி, பட்டாணி, மூன்றாவது தரிசு. 600 ஏக்கர் வைத்திருந்த ஊர் இரண்டு வயல் முறையில் 300 ஏக்கரில் பயிர் செய்தது, மூன்று வயல் முறையில் 400. ஓட்ஸ் கூடியதால் குதிரைக்குத் தீனி கிடைத்தது, குதிரை வந்ததால் உழவு விரைந்தது. ஆட்டத்தில் இவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வரலாற்றில் ஒன்றையொன்று தாங்கி, பல நூற்றாண்டுகள் ஊடே, ஊருக்கு ஊர் வெவ்வேறு வேகத்தில் பரவின. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற ஊரில் அந்தத் திறந்த வயல் முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

மறுவிதைப்புக்கு ஆட்டம் கேட்கும் 60 மரமும் அர்த்தமில்லாத எண் அல்ல. அன்றைய கோதுமை விளைச்சல் விதைத்ததைப் போல் மூன்று, நான்கு மடங்குதான். அறுத்ததில் கால் பங்கோ அதற்கு மேலோ அடுத்த விதைப்புக்கு எடுத்து வைக்க வேண்டியிருந்தது. ஹார்ஸ் காலர் வயலில் 250-க்கு 60 என்பது கிட்டத்தட்ட அதே விகிதம்.

கேள்வி: கிராப் ரொட்டேஷனை யாரும் வாங்கிப் பார்த்ததில்லை. தேவையா? – வாசகர், சிங்கப்பூர்

பெரும்பாலான ஆட்டங்கள் அது பலன் தரும் முன்பே முடிந்துவிடுகின்றன. அதனால்தான் பார்த்ததில்லை. 375 உணவுள்ள வயல் 19 நிமிடம் ஓடும். இம்பீரியல் ஏஜுக்கு வந்த கையோடு 500 செலவழித்தால் முதல் பலனைப் பார்க்கவே நீண்ட நேரம் ஆகும். அந்த 500-ஐப் படை மேம்பாட்டில் போடுவதே நல்லது.

ஆனால் தங்கம் தீர்ந்த பிறகு நிலைமை வேறு. ஹுஸாருக்கு (மேம்பட்ட இலகுக் குதிரைவீரர்) 80 உணவு, தங்கம் வேண்டாம். ஈட்டிக்காரனுக்கு 35 உணவு, 25 மரம். ஸ்கர்மிஷருக்கு (ஈட்டி எறியும் வீரர்) 25 உணவு, 35 மரம். போர் முழுவதும் உணவிலும் மரத்திலும் நடக்கும், காடும் தூரம் போயிருக்கும். 40 வயல் வைத்திருக்கிறவர் கிராப் ரொட்டேஷன் இல்லாமல் நிமிடத்துக்கு 128 மரத்தை மறுவிதைப்பில் விடுவார், இருந்தால் 87. நாற்பது மரம் என்றால் நிமிடத்துக்கு ஒரு ஸ்கர்மிஷர் கூடுதல். எதிரிக்கும் உங்களுக்கும் தங்கச் சுரங்கம் காலியாகிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததும், பெரிய மறுவிதைப்பு அலை வரும் முன், மில்லில் அதைக் கிளிக் செய்துவிடுங்கள். ஆராய்ச்சிக்கு 70 விநாடி வேண்டும்.